பொம்மைப் புறா வைத்தார்... நிஜப் புறா வந்து விதையைத் தின்றது!

"சார், ரெண்டாவது தடவை போட்ட உளுந்தையும் புறா தின்னுட்டுப் போயிடுச்சு. பொம்மைப் புறாவை நிலத்துல வைச்சு, இறங்குறதை வலை போட்டுப் புடிக்கலாம்னு இருக்கேன். நீங்க வந்து ஒரு தடவை பாருங்க."

காஞ்சிபுரம் அருகே முசரவாக்கத்திலிருந்து தை மாதக் கடைசியில் எனக்கு வந்த போன் இது. பேசியவர் என் வயதுக்காரர். சம்பா நெல்லை அறுத்த கையோடு 60 சென்ட்டில் உளுந்து போட்டிருந்தார். ஏக்கருக்கு 8 கிலோ விதை என்றால், 60 சென்ட்டுக்கு ஏறக்குறைய 5 கிலோ. அது இரண்டு முறை போய்விட்டது. மூன்றாவது விதைக்கு அவர் மனைவி மகளிர் குழுவில் கடன் வாங்கியிருந்தார். மாசி பாதி தாண்டி விதைத்தால் பூக்கிற நேரத்தில் வெயில் பிடித்துக்கொள்ளும். இதுவும் போனால் இந்தப் பட்டத்தில் உளுந்து கிடையாது.

மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் போய்விட்டேன். நிலத்தின் நடுவில் ஆறு பொம்மைப் புறாக்கள், பக்கத்தில் மடித்து வைத்த பழைய மீன் வலை. வெளிநாட்டுக்காரர்கள் பொம்மை வைத்துப் புறா சுடும் வீடியோவை அவருடைய பேரன் காட்டினானாம்.

"பொம்மை வைச்ச பிறகு புறா குறைஞ்சுதா அண்ணே?" என்று கேட்டேன்.

"எங்க சார் குறைஞ்சுது? முன்ன இருபது முப்பது வரும். இப்ப கூட்டமாவே வருது. வலையை இழுக்கறதுக்குள்ள பறந்துடுது."

ஒன்று இறங்கினால் நூறு இறங்கும்

அதில் ஆச்சரியம் இல்லை. பொம்மை தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. புறா கூட்டமாக மேயும் பறவை. மேலே பறக்கும்போது கீழே தன் இனம் நிம்மதியாகத் தின்பதைப் பார்த்தால், அங்கே தீனி உண்டு, ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளும்.

இங்கிலாந்தில் மரப்புறா கடுகு வகைப் பயிரை அழிக்கிறது. அங்குள்ள வேட்டைக்காரர்கள் பத்து இருபது பொம்மைகளைக் குதிரை லாடம் போல வளைத்து வைத்து, நடுவில் இடம் விடுவார்கள். லாடத்தின் திறந்த வாய், காற்று போகும் திசையைப் பார்த்து இருக்கும். பறவை எப்போதும் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் இறங்கும் என்பதால், வருகிற புறா நேராக அந்த நடு இடத்துக்கு வந்துவிடும். அவர்கள் மறைவில் உட்கார்ந்து சுடுவார்கள். பொம்மையின் இறக்கை மடங்கியே இருக்க வேண்டும். மரப்புறா இறக்கையை விரித்தால் தெரியும் வெள்ளைப் பட்டை, மற்ற புறாக்களுக்கு 'கிளம்பு' என்ற எச்சரிக்கை.

இது நமக்கும் புதிதல்ல. பழக்கிய மிருகத்தையோ பறவையையோ காட்டி அதன் இனத்தைப் பிடிப்பதற்குச் சங்க இலக்கியத்தில் 'பார்வை' என்று பெயர். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வேட்டுவர் குடிசையில் கட்டி வைத்த பார்வை மான் வருகிறது. கூண்டுக் கவுதாரியைக் கூவவிட்டுக் காட்டுக் கவுதாரியைப் பிடித்ததும் இதே முறைதான்.

பிடித்தால் தீருமா?

தீராது. காஞ்சிபுரத்துக் கோபுரப் பொந்துகளிலும் பழைய கட்டடங்களிலும் மாடப்புறா ஆண்டு முழுவதும் குஞ்சு பொரிக்கிறது. ஒரு ஈட்டுக்கு 2 முட்டை, ஏறக்குறைய 18 நாளில் பொரிந்துவிடும். பத்தைப் பிடித்தால் அந்த இடத்துக்கு வேறு பத்து வரும். இங்கிலாந்திலும் குளிர்காலத்தில் புறாவைச் சுடுவதால் மொத்த எண்ணிக்கை குறையவில்லை என்றே ஆய்வு செய்தவர்கள் கண்டார்கள். தீனிப் பஞ்சத்தில் எப்படியும் சாகவிருந்த பறவைகள்தான் சுடப்பட்டன.

சட்டமும் இருக்கிறது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சுடுவது மட்டும் வேட்டை அல்ல. கண்ணி, வலை, தீனி காட்டி இழுப்பது, விஷம் வைப்பது எல்லாமே வேட்டைதான். நீங்கள் மாடப்புறாவுக்கென்று விரித்த வலையில் புள்ளிப்புறாவும் கவுதாரியும் விழும், மயிலும் சிக்கும். மயில் முதல் அட்டவணையில் உள்ள பறவை. குற்றம் உறுதியானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

விஷம் கலந்த தானியம் அதைவிட மோசம். நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்தில் வரப்போரம் விஷ நெல் வைத்தார்கள். புறா சில செத்தது. பக்கத்து வீட்டு அம்மாவின் 11 கோழிகளும் செத்தன. அந்த இரண்டு குடும்பமும் பிறகு ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்கவில்லை.

முதல் புறாவைத் தடுங்கள்

புறாவை இழுக்கும் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் அதுவே காவல். முதல் புறா இறங்காவிட்டால் கூட்டம் இறங்காது. முசரவாக்கத்தில் நாங்கள் செய்தது இதுதான்:

1. விதையை மூடுங்கள். முதல் இரண்டு முறையும் மேலாக வீசி விதைத்திருந்தார். இந்த முறை 30-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில், 3 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி மண்ணை மூடினோம். கண்ணுக்குத் தெரியாத விதையைப் புறா தேடாது.

2. 10 நாள் மட்டும் கடுங்காவல். உளுந்து முளைக்கும்போது பருப்பையும் தூக்கிக்கொண்டு வெளியே வரும். புறாவுக்கு வேண்டியது அதுதான். மூவிலை விரிந்துவிட்டால் நாட்டம் குறைந்துவிடும். விடிந்ததிலிருந்து 9 மணி வரை, மாலையில் 4 மணி முதல் இருட்டும் வரை ஆள் இருந்தால் போதும்.

3. வரும் வழியில் ஒளிநாடா. தை, மாசியில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து. அதனால் புறா தென்மேற்குப் பக்கமிருந்து தாழ்ந்து வந்தது. சிவப்பும் வெள்ளியுமான நாடாவை முறுக்கி, தெற்கு வடக்காக 5 மீட்டருக்கு ஒரு வரிசை கட்டினோம். தென்மேற்கு மூலையில் மட்டும் நெருக்கமாக. உங்கள் நிலத்தில் எந்தப் பக்கமிருந்து இறங்குகிறது என்று ஒரு காலை உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

4. ஆள் பொம்மை நகர வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் நான்காம் நாள் அதன் தலையிலேயே கரிச்சான் உட்காரும். இரண்டு நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். காவலுக்கு வருகிறவர் போடும் சட்டையையே பொம்மைக்கும் போடுங்கள். பொம்மையா ஆளா என்ற சந்தேகம் புறாவுக்கு இருக்கட்டும்.

5. சேர்ந்து விதையுங்கள். ஒருவர் மட்டும் விதைத்தால் ஊர்ப் புறா முழுக்க அவர் நிலத்தில்தான். நாலு பேர் ஒரே வாரத்தில் விதைத்தால் சேதமும் பிரியும், காவலும் பிரியும்.

அந்த ஆறு பொம்மைகள்? மூன்று நிலம் தள்ளி, மெஷின் அறுத்த தாளடியில் நெல் சிந்திக் கிடந்தது. நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு பொம்மைகளை அங்கே வைத்தார். வலை இல்லை. "அங்க மேயட்டும் சார், நமக்கென்ன?" என்றார். புறாக்கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது உண்மை. ஆனால் ஒரு நிலத்தில் ஒரு முறை பார்த்ததைச் சிபாரிசாகச் சொல்ல மாட்டேன். காவலை விட்டுவிட்டுப் பொம்மையை மட்டும் நம்ப வேண்டாம்.

10 நாள் கழித்துப் போனேன். தென்மேற்கு மூலையில் இரண்டு பாத்தி சொட்டையாக இருந்தது. மற்றதெல்லாம் வரிசை பிடித்து நின்றது. சொட்டை விழுந்த இடத்தில் அந்த அம்மா ஊறவைத்த விதையை ஊன்றிக்கொண்டிருந்தார். "குழுக் கடனைக் கட்டிடலாம் போல இருக்கு சார்" என்றார். மீன் வலை மாட்டுக் கொட்டகைக் கூரையில் சுருட்டிக் கிடந்தது.

வாசகர் கேள்விகள்

பறவை தாங்கி வைக்கச் சொல்கிறீர்கள், பறவையை விரட்டவும் சொல்கிறீர்களே?

பறவைக்குப் பறவை வேலை வேறு. ஏக்கருக்கு 20 தாங்கி வைத்தால் கரிச்சான் புழுவைப் பிடிக்கும், ஆந்தை எலியைப் பிடிக்கும். நெல் பால் பிடிக்கும் நேரத்தில் தாங்கிகளை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தானியம் தின்னும் குருவிக்கு அது வசதியாகிவிடும்.

மயிலுக்கும் ஒளிநாடா போதுமா?

மயில் நடந்தும் வரும். எனவே நாடா மட்டும் போதாது. வரப்பைச் சுற்றிப் பழைய சேலையை இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். மின்வேலி வேண்டவே வேண்டாம். அதில் நம் வீட்டு ஆட்களே சாகலாம்.