சேற்றுழவில் பவர் டில்லரின் கியர் சிக்கிக்கொண்டால்

நஞ்சை நிலங்களில் சேற்றுழவுக்குப் பவர் டில்லர் என்னும் கையுழவு யந்திரம் இப்போது பெரிதும் பயன்படுகிறது. பெங்களூரைச் சேர்ந்த வி.எஸ்.டி. ஸ்தாபனத்தின் யந்திரமும், கேரள மாநிலத்து அத்தாணியில் 1973-ம் வருஷத்தில் ஏற்பட்ட காம்கோ ஸ்தாபனத்தின் யந்திரமும் நமது குடியானவர்களுக்கு நன்கு பழக்கமானவை. இவை மண்ணிலும் ஜலத்திலும் ஒருங்கே வேலை செய்யவேண்டியிருப்பதால், உலர்ந்த தரையில் ஓடும் டிராக்டருக்கு நேராத சில சங்கடங்கள் இவற்றுக்கு நேருகின்றன. அவற்றுள் முக்கியமானது கியர் விழாமலோ, விழுந்த கியர் திரும்பி வராமலோ, யந்திரம் நடுவயலில் நின்றுவிடுவது.

இது நேரும் காலமும் பொல்லாத காலம். மேட்டூர் அணையில் வழக்கப்படி ஜூன் மாதம் 12-ந் தேதி ஜலம் திறந்துவிட்டால், வாய்க்காலில் முறை வந்த நாளிலேயே உழவு முடியவேண்டும். குறுகிய கால நெல் ரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் பறித்து நடுவது உத்தமம். நாற்று முற்றிப்போனால் தூர் கட்டுவது குறையும். ஆகையால் யந்திரம் நிற்கும் ஒவ்வொரு நாளும் மகசூலில் ஒரு பங்கைக் கொண்டுபோகிறது. இந்த அவசரத்தினாலேயே பலர் கியர்க் கம்பியைச் சுத்தியலால் தட்டுகிறார்கள். அல்லது கயிறு கட்டி யந்திரத்தை இழுக்கிறார்கள். கியர்ப் பெட்டியின் கூடு வார்ப்பிரும்பால் ஆனது. வார்ப்பிரும்பு வளையாது, வெடிக்கும். சில நூறு ரூபாயில் தீரவேண்டிய பழுது பல ஆயிரத்துக்கு ஏறிவிடுவது இப்படித்தான்.

முதலில் செய்யவேண்டியது எஞ்சினை நிறுத்துவது. சுழல் கத்திகளுக்கு அருகில் கையையோ காலையோ கொண்டுபோகுமுன் எஞ்சின் முழுவதும் நின்றிருக்கவேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பின்பு யந்திரம் வரப்புச் சரிவில் நின்றால் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவேண்டும்.

எஞ்சின் நின்ற நிலையில், பிரதான கிளச்சை விடுவித்து, கியர்க் கம்பியை மெல்ல அசைத்துப் பார்க்கவேண்டும். எஞ்சின் ஓடும்போது விழாத கியர், நின்றபின் சுலபமாய் விழுமானால் கோளாறு கியர்ப் பெட்டியில் இல்லை. கிளச்சு முழுவதும் பிரியவில்லை என்பதே அதன் பொருள். கிளச்சுக் கம்பியின் தளர்ச்சி அதிகமாகியிருந்தால் அதைச் சரிசெய்வதே போதும். ஆனால் சம்பா அறுவடைக்குப்பின் பல மாதம் ஈரமான கொட்டகையில் கிடந்த யந்திரமானால், கிளச்சுத் தகடுகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது கிளச்சைக் கழற்றித் தகடுகளைத் துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. யந்திரத்தை நெடுநாள் நிறுத்திவைக்கும்போது கிளச்சுக் கைப்பிடியை விடுபட்ட நிலையில் வைத்திருந்தால் இவ்வாறு ஒட்டுவது பெரும்பாலும் நேராது.

எஞ்சின் நின்றும் கம்பி அசையவில்லையானால் அடுத்த காரணம் பாரம். இரும்புக் கூண்டுச் சக்கரம் ஆழ்சேற்றில் புதைந்து நிற்கும்போது, கியர்ப் பற்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருக்கும். அந்நிலையில் பல் விலகாது. கைப்பிடிக்குக் கீழுள்ள இரு பக்கக் கிளச்சுகளையும் ஒருங்கே பிடித்தால் சக்கரங்கள் கியர்ப் பெட்டியினின்று பிரிந்துவிடும். பல் நெரிப்பினால் அவையும் பிரிய மறுத்தால், ஒருவர் யந்திரத்தை முன்னும் பின்னும் சிறிது அசைக்க, மற்றவர் பக்கக் கிளச்சுகளைப் பிடித்துக்கொண்டு கம்பியை நடுநிலைக்குக் கொண்டுவரலாம். வயலில் நேரும் சிக்கல்களில் அநேகம் இவ்வளவிலேயே தீர்ந்துவிடுகின்றன. சரிவில் மட்டும் கட்டை கொடாமல் இதைச் செய்யலாகாது. இரு பக்கமும் விடுபட்ட யந்திரம் தானே உருண்டுவிடும்.

பின்கியர் மட்டும் விழவில்லை என்று முறையிடுவோர் சுழல் கத்தியின் கம்பியைக் கவனிக்கவேண்டும். கத்தி சுழலும்போது யந்திரம் பின்னோக்கி வந்தால் ஓட்டுபவரின் கால் போய்விடும் என்பதற்காக, இரண்டும் ஒருங்கே விழாதபடி சில யந்திரங்களில் தடை வைத்திருக்கிறார்கள். அது பழுதன்று, காவல். அதை அராவி எடுத்துவிடும் கெட்டிக்காரர்களும் உண்டு. அவர்களிடம் யந்திரத்தைக் கொடுக்காதிருப்பதே மேல்.

இவற்றாலும் தீரவில்லையானால் சக்கரத்தைச் சேற்றினின்று தூக்கி நிறுத்தி, கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். பக்கக் கிளச்சைப் பிடித்தும் சக்கரம் சுற்றவில்லையென்றால் குற்றம் அச்சின் பக்கம். பெரும்பாலும் அச்சில் வைக்கோற் பிரியோ, உரச்சாக்கின் நெகிழி இழையோ இறுகச் சுற்றியிருக்கும், அதை அறுத்தெடுக்கவேண்டும். பக்கக் கிளச்சைப் பிடித்தால் சுற்றுகிறது, விட்டால் பிரதான கிளச்சு பிரிந்திருந்தும் சுற்றவில்லை என்றால் குற்றம் கியர்ப் பெட்டியில் இருக்கிறது. அப்போதும் பெட்டியைத் திறக்குமுன், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். சில யந்திரங்களில் பிரதான கிளச்சின் கைப்பிடியே கடைசி நிலையில் பிரேக்காகவும் வேலை செய்கிறது.

கியர்ப் பெட்டியில் இரண்டு கியர்கள் ஒரே சமயத்தில் விழுந்துவிடுவதுண்டு. கம்பியின் நுனி தேய்ந்து, ஒரு கவட்டினின்று நழுவி மற்றொன்றைத் தள்ளிவிடுவதால் இது நேருகிறது. கம்பி துவண்டு, எங்கும் பிடியாமல் ஆடும். யந்திரமோ கல்லைப்போல் நிற்கும். கியர்க் கம்பியின் மூடியைச் சுற்றிலும் உள்ள சேற்றை முதலில் நன்றாய்க் கழுவித் துடைத்துவிட்டு, திருகாணிகளை எடுத்து மூடியைத் தூக்கினால், கவடுகளின் பள்ளங்கள் ஒரே நேராக இல்லாதது கண்ணுக்குத் தெரியும். ஒரு திருப்புளியால் அவற்றை நடுநிலைக்குத் தள்ளி நேராக்கலாம். இது அன்றைய உழவை முடிக்கத்தான் உதவும்; தேய்ந்த நுனியை மாற்றாதவரை மறுபடியும் நழுவும்.

எல்லாவற்றிலும் மோசமானது பெட்டிக்குள் ஜலம் புகுவது. அச்சில் சுற்றிய பிரியானது உள்ளே நெருக்கி ஆயில் சீலைக் கிழித்துவிடுகிறது. எண்ணெய் வெளியே கசிகிறது. சேற்று ஜலம் உள்ளே போகிறது. கவடு நகரும் தண்டு துருவேறிக் கியர் நாளுக்கு நாள் இறுகும். இதைக் கண்டுபிடிக்க யந்திரத்தை ஓர் இரவு அசையாமல் நிறுத்தி, காலையில் அடித்திருகைச் சிறிது தளர்த்தவேண்டும். ஜலம் கனமானதாகையால் அடியில் தங்கி முதலில் அதுவே வரும். ஜலம் தனியே பிரியாமல், எண்ணெய் மோர்போல் வெளுத்து வந்தாலும் அது கலந்திருக்கிறதென்றே கொள்ளவேண்டும். அப்படிப்பட்ட எண்ணெயை முழுவதும் வடித்து, சிறிது டீசல் விட்டுச் சக்கரத்தைக் கையால் சில சுற்று சுற்றி அலசி, அதையும் வடித்துவிட்டு, விளக்கப் புஸ்தகத்தில் சொல்லிய தரத்து எண்ணெயை அளவுப்படி ஊற்றவேண்டும். சீலை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றினால், சேற்றில் இறங்கியதும் திரும்ப ஜலம் புகும். வடித்த எண்ணெயை வாய்க்காலில் விடாமல் பாத்திரத்தில் பிடித்து வைக்கவும்.

அடித்திருகில் மை போன்ற இரும்புத் துகள் ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். நகக்கண் அளவு துண்டு கிடைத்தாலோ பல் உடைந்திருக்கிறது. அந்த யந்திரத்தை இன்னும் ஒரு சால்கூட ஓட்டலாகாது. உடைந்த துண்டு வேறு பற்களுக்கிடையே அகப்பட்டால் மற்றவையும் உடையும். வாடகை யந்திரத்தையோ ஏர் மாட்டையோ வைத்து மீதி வயலை முடித்துக்கொண்டு, பழுதானதைப் பட்டறைக்கு அனுப்பவேண்டும். வயலினின்று கரையேற்றும்போது பக்கக் கிளச்சுகள் இரண்டையும் பிடித்துக் கட்டிவிட்டு இழுத்தால் கியர்ப் பற்களுக்கு மேலும் சேதம் வராது.

உழவு முடிந்த ஒவ்வொரு மாலையும் அச்சுகளைக் கழுவிச் சுற்றியுள்ள பிரியை எடுப்பதற்குக் கால் மணி நேரம் போதும்.