ஒளியிழை: பூஜ்யத்தில் வந்த சிக்கல்

அதிவேக ஒளியிழை வலையமைப்பை வடிவமைப்பவர் இரண்டு கணக்குகளோடு தொடங்குவார். முதலாவது எளிது. ஒளி எவ்வளவு தேயும்? 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் நல்ல இழை கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் அளவே இழக்கும். 50 கிலோமீட்டர் போனபிறகும் பத்தில் ஒரு பங்கு ஒளி மிஞ்சும். அதற்கு மேலும் போகவேண்டுமானால் இடையிடையே பெருக்கிகள் வைக்கலாம்.

இரண்டாவதுதான் தொல்லை பிடித்தது. லேசர் ஒளியும் முற்றிலும் ஒரே நிறமல்ல. கண்ணாடிக்குள் ஒவ்வொரு நிறமும் சற்றே வேறுபட்ட வேகத்தில் போவதால், கூர்மையாகக் கிளம்பிய துடிப்பு போகப்போக அகன்றுவிடும். இதை நிறப்பிரிகை என்பார்கள். எதிரொலிக்கும் மண்டபத்தில் மிருதங்கம் கேட்டிருப்பீர்கள். விளம்ப காலத்தில் சொற்கள் தெளிவாக விழும்; துரிதத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். இங்கும் அப்படித்தான். நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 100 பிகோநொடி. சாதாரண இழையில், எந்தத் திருத்தமும் செய்யாவிட்டால், 60-80 கிலோமீட்டரில் அது கலங்கிவிடும். வேகத்தை நான்கு மடங்காக்கினால் தூரம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். துடிப்பு நான்கில் ஒரு பங்காகக் குறுகுவதோடு, அதன் நிற அகலமும் நான்கு மடங்காவதே காரணம்.

சாதாரண இழையில் நிறப்பிரிகை பூஜ்யமாவது 1310 அருகே. தேய்மானம் மிகக் குறைவதோ 1550இல். இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்தால் என்ன? இழையின் உட்கருவை மாற்றியமைத்து 1980களில் அதையும் செய்தார்கள். ஜப்பான் இந்த இழையை ஏராளமாகப் புதைத்தது. ஒரே ஓர் அலைநீளத்தை அனுப்பும்வரை அதில் குறை சொல்ல ஏதுமில்லை.

1987இல் எர்பியம் பெருக்கி வந்தது. பல அலைநீளங்களை, மின்சாரமாக மாற்றாமல், ஒன்றாகவே வலுப்படுத்தக்கூடியது அது. 1990களில் ஒரே இழையில் பல தடங்கள் ஓடத் தொடங்கின. அங்கேதான் வினை! நிறப்பிரிகை இல்லாததால் எல்லா அலைநீளங்களும் ஒரே வேகத்தில், தோளோடு தோள் உரசிக்கொண்டு பயணித்தன. மூன்று அலைகள் சேர்ந்து நான்காவதைப் பெற்றுவிடும். தடங்கள் சம இடைவெளியில் இருந்தால் அந்தப் புதிய அலை சரியாக இன்னொரு தடத்தின் மேலேயே விழும். கொஞ்சம் வேகம் மாறுபட்டிருந்தால் அவை தெருவில் எதிர்ப்பட்டவர்கள்போல் விலகிப் போயிருக்கும்.

எனவே வேண்டுமென்றே சிறிதளவு நிறப்பிரிகை வைத்த இழைகளை உருவாக்கினார்கள். ஆனால் புதைத்ததைத் தோண்டி எடுக்கமுடியுமா? ஜப்பானில் 1570க்கு மேற்பட்ட அலைநீளங்களுக்கு நகர்ந்து சமாளித்தார்கள்.

2008ஐ ஒட்டி ஆட்டமே மாறியது. ஒளியின் வலிமையோடு அதன் கட்டத்தையும் அளக்கும் ஏற்பிகள் வந்தன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் சேர்ந்த நிறப்பிரிகையை ஒரு சில்லே கணக்குப் போட்டு நீக்கிவிடுகிறது. பழசு என்று எண்ணிய சாதாரண இழைகள் 100 கிகாபிட்டையும் சுமக்கின்றன. புதிய நெடுந்தூரக் கடலடித் தடங்களுக்கோ, அதைவிடவும் நிறப்பிரிகை கூடிய இழைகளையே தேர்ந்தெடுக்கிறார்கள்.