பிரிண்ட் சர்வர்: அச்சு எந்தப் படியில் நிற்கிறது?

ஒரே பிரிண்டரைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ள உதவுவது பிரிண்ட் சர்வர். கணினிகள் அனுப்பும் கோப்புகளை வாங்கி, வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாகப் பிரிண்டருக்குக் கொடுப்பது அதன் வேலை. திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் பகுதியில் உள்ளவை போன்ற சிறு ஜெராக்ஸ் கடைகளும் பள்ளி அலுவலகங்களும் இதற்கென்று பெரிய இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. பிரிண்டர் செருகியிருக்கும் விண்டோஸ் கணினியோ, ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியோ போதும். யூஎஸ்பி துளையுள்ள சில ரூட்டர்களும் இந்த வேலையைச் செய்யும்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் 1973-இல் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை வகுத்தபோது, அங்கிருந்த ஆல்டோ கணினிகளை லேசர் பிரிண்டரோடு இணைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. இன்று லினக்ஸ் கணினிகளில் அச்சு வேலையைப் பார்க்கும் கப்ஸ் மென்பொருள் 1999-இல் வெளிவந்தது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் அதுதான் இயங்குகிறது.

அச்சுக்குப் போகும் கோப்பு சில படிகளைக் கடக்கிறது. டிரைவர் அதைப் பிரிண்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுகிறது. ஸ்பூலர் வரிசையில் வைக்கிறது. நெட்வொர்க் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அச்சு வரவில்லை என்றால், எந்தப் படியில் நின்றது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. பிரிண்டரில் தொடங்கிக் கணினியை நோக்கிப் பின்னோக்கி வருவது நல்லது.

முதலில், பிரிண்டரிலேயே உள்ள பொத்தானை அழுத்திச் சோதனைப் பக்கம் எடுக்க வேண்டும். அது வந்தால் தாள், டோனர், இயந்திரம் மூன்றும் சரி. அடுத்து, சர்வர் கணினியிலிருந்தே ஒரு பக்கம் அடித்துப் பார்க்க வேண்டும். அதுவும் வந்தால் கோளாறு நெட்வொர்க்கில் அல்லது மற்ற கணினிகளில் இருக்கிறது.

நெட்வொர்க்கில் அடிக்கடி வரும் கோளாறு ஐபி முகவரி மாறிப்போவது. கரண்ட் போய் வந்ததும் ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் புது முகவரி கொடுத்துவிடலாம். குடிபோனவரின் பழைய வீட்டுக்கே தபால் போவதுபோல, கணினிகள் பழைய முகவரிக்கே கோப்பை அனுப்பிக்கொண்டிருக்கும். ரூட்டர் அமைப்பில் பிரிண்டருக்கோ சர்வருக்கோ நிலையான முகவரி ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். கேபிளையோ வைஃபை பாஸ்வேர்டையோ பார்க்க வேண்டும். விருந்தினர் வைஃபையில் இணைந்த கணினிக்குப் பெரும்பாலும் பிரிண்டர் கண்ணிலேயே படாது.

முகவரி சரியாக இருந்தும் அச்சு வராவிட்டால் போர்ட் எண்ணைப் பார்க்க வேண்டும். எல்பிடி முறைக்கு 515, நேரடி முறைக்கு 9100, ஐபிபி முறைக்கு 631. விண்டோஸ் தானாகச் சேர்க்கும் டபிள்யூஎஸ்டி போர்ட் சில நேரம் 'ஆஃப்லைன்' என்று காட்டி நின்றுவிடும். அதை விட்டுவிட்டு, முகவரியைக் கொடுத்து டிசிபி/ஐபி போர்ட்டை உருவாக்குவது நம்பகமானது.

டிரைவர் தரும் தொல்லைக்கு, இந்தியக் கடைகளில் பரவலாக உள்ள ஹெச்பி லேசர்ஜெட் 1020 நல்ல உதாரணம். இந்தப் பிரிண்டர் தன் இயக்க நிரலை நிரந்தரமாக வைத்திருப்பதில்லை; சுவிட்ச் போடும்போதெல்லாம் கணினிதான் ஏற்றிவிட வேண்டும். அதனால் ரூட்டரின் யூஎஸ்பியில் செருகினால், நிரலை ஏற்ற ஆளில்லாமல் வெறுமனே நிற்கும். லினக்ஸ் சர்வரில் ஹெச்பிலிப் மென்பொருளோடு அதன் பிளக்-இன்னையும் நிறுவினால் வேலை செய்யும்.

ஸ்பூலர் வரிசையில் ஒரு கோப்பு சிக்கினால் பின்னால் உள்ளவையும் நிற்கும். விண்டோஸில் 'பிரிண்ட் ஸ்பூலர்' சேவையை நிறுத்தி, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் உள்ளவற்றை அழித்து, சேவையை மறுபடி தொடங்க வேண்டும். கப்ஸில் பிழை வந்தால் பிரிண்டரையே நிறுத்திவைப்பதுண்டு. சர்வரின் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:631 பக்கத்தைத் திறந்து மீண்டும் இயக்கலாம்.

2021-இல் விண்டோஸ் ஸ்பூலரில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்ட பிறகு, பகிர்ந்த பிரிண்டரின் டிரைவரை நிறுவ நிர்வாகி அனுமதி கட்டாயமானது. அதே ஆண்டின் அப்டேட்களுக்குப் பின் 0x0000011b என்ற பிழையும் தலைகாட்டியது. சர்வர், கணினி இரண்டையும் அப்டேட் செய்வதே இதற்குப் பாதுகாப்பான வழி.

அச்சு வந்தும் தவறாக வருவதுண்டு. ஏ4 தாள் 210 x 297 மி.மீ.; அமெரிக்க லெட்டர் 216 x 279 மி.மீ. டிரைவரில் லெட்டர் என்று இருந்தால் ஓரம் வெட்டுப்படும், அல்லது பிரிண்டர் வேறு தாள் கேட்டு நிற்கும். தமிழ்க் கோப்பில் வேறொரு சிக்கலும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்து அடித்தால், தாளில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரும். யூனிகோடு கோப்பில் எழுத்துரு இல்லையென்றால் கட்டங்கள் வரும். எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப்பாக மாற்றி அனுப்பினால் இரண்டும் தீரும்.

எல்லாம் சரியானதும் ரூட்டர், சர்வர், பிரிண்டர் மூன்றையும் அணைத்துப் போட்டு, ஒவ்வொரு கணினியிலிருந்தும் ஒரு பக்கம் எடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்த மின்வெட்டுக்குப் பிறகும் யாரும் கை வைக்காமல் அச்சு வந்தால்தான் சர்வர் சரியாக அமைந்தது என்று கொள்ளலாம்.