முயலின் உணவும் செரிமானமும்

கெடா மாநிலத்தின் ஜித்ரா நகரைச் சுற்றி நெல் வயல்கள் உள்ளன. ஆயினும், வயலோரப் புல்லை முயலுக்கு அப்படியே கொடுக்கக்கூடாது. அதில் பூச்சிக்கொல்லி படிந்திருக்கலாம். வைக்கோலில் சத்துக் குறைவு. அது கூண்டில் விரிக்கவே ஏற்றது.

முயலின் உணவில் ஏறத்தாழ 80 விழுக்காடு தூய புல்லாகவோ உலர்புல்லாகவோ இருக்க வேண்டும். அதிலுள்ள நார்ச்சத்து குடலை இயங்கச் செய்கிறது. ஓயாது வளரும் பற்களும் புல்லை மெல்லுவதால் தேய்ந்து அளவோடு இருக்கின்றன. கேரட், பழம், ரொட்டி ஆகியவற்றை மிகுதியாகக் கொடுத்தால் குடல் நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டு, வயிற்றில் வாயு சேரும்.

முயல் இருவகைப் புழுக்கைகளை இடும். மென்மையானவற்றை மீண்டும் உண்டு, எஞ்சிய சத்தைப் பெறும். இஃது இயல்பே, தடுக்கக்கூடாது.

முயலால் வாந்தி எடுக்க இயலாது. குடல் இயக்கம் நின்றால், உண்டது உள்ளேயே தேங்கும். எனவே, முயல் 12 மணி நேரம் உண்ணாமலும் புழுக்கை இடாமலும் இருந்தால், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். வளர்ப்பு விலங்குக்கு ஏற்ற உணவளிப்பது உரிமையாளரின் கடமை என மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் கூறுகிறது. வாயில்லா உயிரின் நலத்தை அதன் புழுக்கையே காட்டும். கூண்டைத் துப்புரவு செய்யும்போது அதையும் கவனிப்போம்.