பொழுதும் இடமும்: வானத்தைக் காட்டும் நிரலுக்கு நேரம் சொல்லுதல்

தமிழ் இலக்கண மரபு நிலத்தையும் பொழுதையும் ஒருங்கிணைத்தே முதற்பொருள் என்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் பொழுது தனித்து நிற்பதில்லை. ஒரு நிலத்தின் பொழுதாகவே அமைகிறது. இக்கருத்து இன்றைய கணினி நிரலுக்கும் எத்துணை இன்றியமையாதது என்பதை இங்குக் காண்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் சான்று, வானத்தைத் திரையில் போலச்செய்து காட்டும் ஸ்டெல்லேரியம் என்னும் கட்டற்ற மென்பொருள். எந்த நேரத்து வானத்தோடு நிரல் தொடங்க வேண்டும் என்பதை அதன் அமைவுக் கோப்பில் மூன்று வகையாகக் குறிக்கலாம். முதலாவது, நிரல் திறக்கப்படும் அந்நொடி. இரண்டாவது, திறக்கப்படும் நாளில் நாம் குறித்த ஒரு மணி. மூன்றாவது, என்றும் மாறாத ஒரு நாளும் நேரமும். மொழியியல் நோக்கில் இவை ‘இப்பொழுது’, ‘இன்றிரவு 10 மணிக்கு’, ‘1965 ஆகஸ்ட் 9 காலை 10 மணிக்கு’ என்னும் மூன்று தொடர்களே ஆகும்.

இவற்றுள் முதலிரண்டும் சுட்டுத்தன்மை உடையவை. இப்பொழுது, இன்று, நாளை என்னும் சொற்கள் பேசும் காலத்தைக் கொண்டே பொருள் தருவன. ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்னும் கடைப்பலகையை நாம் அறிவோம். அந்த நாளை ஒருநாளும் வாராமைக்குக் காரணம், படிக்கும்தோறும் அச்சொல் புதிதாகப் பொருள்கொள்ளப்படுவதே. நிரலிலும் இவ்விடர் உண்டு. ‘இப்பொழுது’ என்பதை ஒவ்வொரு கணக்கீட்டின்போதும் நிரல் புதிதாகப் பொருள்கொண்டால், தொடக்கமும் முடிவும் வெவ்வேறு காலத்தைச் சார்ந்துவிடும். ஒரு மாணவர் பெற்ற விடையை மற்றொருவர் மீண்டும் பெற இயலாது. ஆகவே சுட்டுச்சொல்லைத் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் உரிய நேரமாக மாற்றி, அந்நேரத்தை விடையோடு சேர்த்துப் பதிந்து வைத்தல் வேண்டும்.

மூன்றாம் வகையை ஸ்டெல்லேரியம் ஜூலியன் நாள் எண்ணாகச் சேமிக்கிறது. கி.மு. 4713 சனவரி 1 நண்பகலிலிருந்து தொடரும் நாட்கணக்கு இது. இவ்வெண்ணில் ஐயத்திற்கு இடமில்லை. ஆயினும் நம் சுவர்க்கடிகார நேரத்தை அவ்வெண்ணாக மாற்றும்போது, எவ்விடத்துக் கடிகாரம், எவ்வாண்டுக் கடிகாரம் என்னும் இரு வினாக்கள் எழுகின்றன.

சிங்கப்பூரின் கடிகாரம் பன்முறை மாறியது. 1905 முதல் அது கிரீன்விச் நேரத்திற்கு 7 மணி நேரம் முந்தியிருந்தது. 1933-இல் அம்முந்துதல் 7 மணி 20 நிமிடமாகவும், 1941-இல் 7 மணி 30 நிமிடமாகவும் ஆயிற்று. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமாகிய 9 மணி நடைமுறையில் இருந்தது. 1945-இல் பழைய 7 மணி 30 நிமிடம் மீண்டது. தீபகற்ப மலேசியா, சபா, சரவாக் ஆகியவற்றுக்கு ஒரே நேரத்தை மலேசியா வகுத்தபோது சிங்கப்பூரும் உடன் மாறியது. 1982 சனவரி 1 முதல் 8 மணி நேரக் கணக்கு நிலைபெற்றது.

ஜாலான் புசார் விளையாட்டரங்கம் 1929 டிசம்பர் 26 அன்று திறக்கப்பட்டது. அன்று மாலை 6 மணிக்கு அவ்வரங்கின் மேல் விரிந்த வானத்தைத் திரையில் காண விரும்புகிறோம் என்க. அக்காலக் கடிகாரப்படி அது கதிரவன் மறையும் வேளை. இன்றைய 8 மணி நேரக் கணக்கை அந்நாளுக்கு ஏற்றினாலோ, கதிரவன் மறைய இன்னும் ஒரு மணி நேரம் இருப்பதாகத் திரை காட்டும். நிரல் எப்பிழையும் அறிவிப்பதில்லை. படமும் அழகாகவே இருக்கும். விடை மட்டும் தவறு. பிழைச்செய்தி இல்லாத இத்தகைய தவறே வகுப்பறைக்குப் பெருந்தீங்கு, மாணவர் அதனை ஐயுற வழியில்லை ஆதலின். கணினியில் சாதகம் கணிப்போர்க்கும் இது பொருந்தும். 1945-க்குப் பின் 1982-க்கு முன் இங்குப் பிறந்தவர்க்கு இன்றைய கணக்கைப் பயன்படுத்தினால் அரைமணி பிறழும். வானம் அரைமணியில் ஏழரைப் பாகை சுழன்றுவிடும்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணி ஆனதும் சிங்கப்பூர்க் கடிகாரங்கள் நள்ளிரவு 12-க்கு நகர்த்தப்பட்டன. எனவே ‘அன்றிரவு 11.45’ என்பது இலக்கணப் பிழையற்ற தொடராயினும் சுட்டும் பொருளற்றது. அதனை உள்ளீடாகப் பெறும் நிரல் தானே ஊகித்து வேறொரு நேரத்தை அமைத்துக்கொள்ளலாகாது. அத்தகைய நேரம் இல்லை என்று பயனருக்கு உணர்த்துதலே முறை.

எழுதும் முறையும் கருதத்தக்கது. 09/08/1965 என்பதை நாம் ஆகஸ்ட் 9 என்போம்; அமெரிக்கர் செப்டம்பர் 8 என்பர். ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையை 1988-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 8601 தரம் வகுத்தமை இம்மயக்கத்தை நீக்கவே. நேர வேறுபாட்டையும் வெறும் எண்ணாக எழுதுவதினும் ‘ஆசியா/சிங்கப்பூர்’ என்னும் இடப்பெயரால் குறித்தல் சிறந்தது. உலகக் கால வலயத் தரவுத்தளம் அப்பெயரின்கீழ் மேற்கண்ட மாற்றங்களை எல்லாம் தொகுத்து வைத்துள்ளது.

ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்து பார்க்கத்தக்க எளிய சோதனை ஒன்று: இன்று சிங்கப்பூரில் கதிரவன் காலை 7 மணியை ஒட்டி எழுகிறது. நிரலில் 1975-ஆம் ஆண்டின் ஒரு நாளை அமைத்துப் பாருங்கள். எழுநேரம் 6.30-ஐ ஒட்டி அமைந்தால் நிரல் நம் ஊரின் வரலாற்றை அறிந்திருக்கிறது. 7 மணி என்றே காட்டினால், பொழுதை மட்டும் சொல்லி நிலத்தைச் சொல்லாது விட்டோம் என்று கொள்க.