கிளட்ச் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும்?

ஈப்போவின் கார்ப் பட்டறைகளிலும், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்களாக இருந்து பின்னர் தாமான்களாக மாறிய இடங்களிலும் பழைய புரோட்டோன் வீரா கார்களை இன்னமும் காணலாம். வெளித்தோற்றத்தில் அது 1990களின் சாதாரணக் குடும்பக் கார். ஆனால், சில கார்களின் பானட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது ஜப்பானிலிருந்து வந்த டர்போ இயந்திரம்!

இது எப்படிப் பொருந்துகிறது? 1993இல் விற்பனைக்கு வந்த வீரா, மிட்சுபிஷி லான்சர் காரை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே, லான்சர் ஜிஎஸ்ஆர் காரின் 1.8 லிட்டர் டர்போ இயந்திரத்தை அதில் பொருத்துவது மற்ற கார்களைவிடச் சுலபம். 1.5 லிட்டர் வீராவின் உச்ச முறுக்குவிசை ஏறக்குறைய 126 நியூட்டன் மீட்டர். ஜிஎஸ்ஆர் டர்போ தருவதோ ஏறக்குறைய 270. இரு மடங்குக்கும் அதிகம்.

இந்த விசை சக்கரத்தை அடையும் முன் கிளட்சைக் கடந்தாக வேண்டும். பழைய கிளட்ச் தாங்காது என்பது தெளிவு. அப்படியானால் எதை வாங்குவது? "இருப்பதிலேயே பலமானதைப் போடு" என்பதுதான் பலரும் சொல்லும் பதில். அது சரிதானா என்பதை இயற்பியலிடம் கேட்போம், மாணவர்களே.

உள்ளங்கையில் ஒரு சோதனை

இரு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து வையுங்கள். வலக்கையை மட்டும் மெல்லத் திருப்புங்கள். இலேசாகத் தொட்டால் அது வழுக்கிக்கொண்டு திரும்பும். அழுத்திப் பிடித்தால் இடக்கையும் கூடவே திரும்பும். கிளட்சின் வேலை இதுதான்.

இயந்திரத்தோடு சேர்ந்து சுழலும் கனமான வட்டு, ஃபிளைவீல். அதன்மேல் வலுவான ஸ்பிரிங் கொண்டு அழுத்துவது பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது கிளட்ச் பிளேட். அது கியர்பெட்டியின் தண்டோடு இணைந்தது. பெடலை மிதித்தால் அழுத்தம் விலகும். இயந்திரம் தனியாகச் சுழலும். காலை எடுத்தால் அழுத்தம் திரும்பும். உராய்வினால் மூன்றும் ஒன்றாகச் சுழலும்.

கவனியுங்கள்: கிளட்ச் பிடிக்கவும் வேண்டும், சிறிது நேரம் வழுக்கவும் வேண்டும். நிற்கும் கார் குலுங்காமல் புறப்படுவது அந்தச் சில நொடி வழுக்கலால்தான்.

நான்கு எண்களின் பெருக்கல்

ஒரு கிளட்ச் வழுக்காமல் தாங்கக்கூடிய முறுக்குவிசையை நான்கு எண்களைப் பெருக்கிக் கணக்கிடலாம். உராயும் பரப்புகளின் எண்ணிக்கை, உராய்வுக் கெழு, ஸ்பிரிங்கின் அழுத்து விசை, உராயும் வளையத்தின் சராசரி ஆரம் ஆகியவையே அவை.

எடுத்துக்காட்டாக, 200 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 130 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட ஒரு பிளேட்டை எடுத்துக்கொள்வோம். சராசரி ஆரம் 0.0825 மீட்டர். பிளேட்டுக்கு முன்னும் பின்னும் என இரண்டு பரப்புகள். உராய்வுக் கெழு 0.3, அழுத்து விசை 4000 நியூட்டன் என வைத்துக்கொள்வோம்.

2 × 0.3 × 4000 × 0.0825 = 198 நியூட்டன் மீட்டர்.

126 தரும் இயந்திரத்துக்கு இது தாராளம். 270 தரும் டர்போவுக்குப் போதாது. சாலையில் ஓடும் காருக்கு 30 விழுக்காடு கூடுதல் இருப்பு வைப்போம் என்றால் நமக்குத் தேவை 351 நியூட்டன் மீட்டர். கணக்கில் குதிரைச் சக்தி எங்கும் வரவில்லை என்பதையும் பாருங்கள். கிளட்சைத் தீர்மானிப்பது முறுக்குவிசையே.

எந்த எண்ணைக் கூட்டுவது?

முதல் வழி, ஸ்பிரிங் விசையைக் கூட்டுவது. அதை மட்டும் கூட்டி 351ஐ எட்ட, ஏறக்குறைய 7100 நியூட்டன் வேண்டும். பெடலும் அதே அளவில், அதாவது முக்கால் பங்குக்கு மேல் கனத்துவிடும். மாலை நேர நெரிசலில் ஈப்போ நகரைக் கடக்க எத்தனை முறை மிதிக்க வேண்டியிருக்கும்? கால் வலிப்பது ஒருபுறம். கிளட்சை விடுவிக்கும் பேரிங்கும் கேபிளும் விரைவில் தேயும்.

இரண்டாம் வழி, உராய்வுக் கெழுவைக் கூட்டுவது. இழைகளைப் பிசினால் பிணைத்துச் செய்யும் சாதாரண ஆர்கானிக் பூச்சு மென்மையாகப் பிடிக்கும். ஆனால் மிகையாகச் சூடேறினால் பிடியை இழக்கும். செம்பு போன்ற உலோகத் தூளோடு பீங்கான் துகள் கலந்த பூச்சு வெப்பத்தை நன்றாகத் தாங்கும், இறுக்கமாகவும் பிடிக்கும். ஆனால் அது வழுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. பெடலை விட்டவுடன் "டக்" என்று பிடித்துக் காரைத் தூக்கிப்போடும். மழையில் நனைந்த சாலையில் இப்படிப் பிடித்தால் டயர் சுழன்று வழுக்கும். தீபகற்ப மலேசியாவில் அதிக மழை பெய்யும் தைப்பிங் நம் பேராக்கில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

மூன்றாம் வழி, ஆரத்தைக் கூட்டுவது. பெரிய பிளேட் வேண்டும். அதற்கேற்ற ஃபிளைவீலும் உறையில் இடமும் வேண்டும்.

நான்காம் வழி, பரப்புகளைக் கூட்டுவது. இரண்டு பிளேட் வைத்தால் பரப்புகள் நான்காகும். முதலில் போட்ட கணக்கு அப்படியே 396ஆக உயரும், பெடலும் கனக்காது. ஆனால் விலை அதிகம்; பல வகைகள் சத்தமும் போடும்.

அனுபவமுள்ளவர்கள் ஒரே எண்ணைப் பிடித்து இழுப்பதில்லை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூட்டுகிறார்கள். 225 மில்லிமீட்டர் பிளேட், சராசரி ஆரம் 0.09375 மீட்டர், கெழு 0.35, விசை 5500 நியூட்டன் எனப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 361 கிடைக்கும். தேவை நிறைவேறியது, பெடலும் மிதிக்கக்கூடியதாகவே இருக்கும்.

எரிந்த வாடை எங்கிருந்து?

கிளட்ச் வழுக்கும்போது ஆற்றல் வெப்பமாகிறது. இயந்திரத்தின் வேகத்தை மாற்றாமல் வைத்து நிற்கும் காரைப் புறப்படச் செய்தால், கார் பெறும் இயக்க ஆற்றலுக்கு ஏறக்குறைய சமமான அளவு கிளட்சில் வெப்பமாகும்.

1100 கிலோகிராம் எடையுள்ள கார், மணிக்கு 20 கிலோமீட்டரை எட்டும்போது வழுக்கல் நின்றால், வெப்பம் ஏறக்குறைய 17,000 ஜூல். இயந்திரத்தை உறுமவிட்டு 40 கிலோமீட்டர் வரை வழுக்கவிட்டால் 68,000 ஜூல். வேகம் இரு மடங்கு, வெப்பம் நான்கு மடங்கு! இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று வகுப்பில் படித்தது இங்கே வேலை செய்கிறது.

4 கிலோகிராம் வார்ப்பிரும்பு அந்த 68,000 ஜூலை முழுதாக உறிஞ்சினால், அதன் சராசரி வெப்பநிலை ஒரே புறப்பாட்டில் 37 பாகை செல்சியஸ் உயரும். உராயும் மேற்பரப்பு அதைவிடப் பன்மடங்கு சுடும். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது, பாதிக் கிளட்சில் காரை நிறுத்திப் பிடிப்பவர்களுக்கு எரிந்த வாடை வருவது இதனால்தான். ஏற்றத்தில் காரை நிறுத்திவைக்க வேண்டியது ஹேண்ட்பிரேக், கிளட்ச் அல்ல.

பலவீனமான கண்ணி எங்கே?

சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் தடிப்பாக்கினால், அடுத்த மெலிந்த கண்ணி அறுந்துபோகும். தேவைக்கு மிஞ்சிய பலமுள்ள கிளட்ச், திடீர் அதிர்ச்சியை வழுக்கலில் கரைக்காமல் கியர்பெட்டிக்கும் சக்கரத் தண்டுகளுக்கும் அப்படியே அனுப்பும். கிளட்ச் தேய்ந்தால் மாற்றுவது ஒரு செலவு; கியர்ப்பல் உடைந்தால் அதைவிடப் பெரிய செலவு. வேகமாக ஓடும்போது தண்டு முறிந்தால் உயிருக்கே ஆபத்து. பிளேட்டின் நடுவில் சிறு ஸ்பிரிங்குகள் கொண்ட வகையைத் தேர்ந்தெடுத்தால் இந்த அதிர்ச்சி ஓரளவு குறையும். அவை இல்லாத பிளேட் பந்தயத் திடலுக்கு உரியது.

பழைய காலக் கிளட்ச் பூச்சுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே, பழைய காரின் கிளட்ச் தூளைக் காற்றுக்குழாயால் ஊதக் கூடாது. இன்னொன்று, இயந்திரத்தை மாற்றினால் வாகனச் சோதனையும் ஜேபிஜே அனுமதியும் வேண்டும். வேகம் கூடிய காருக்கு பிரேக்கும் ஈடுகொடுக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

உங்கள் அண்ணனோ மாமாவோ "நல்ல கிளட்ச் எது?" என்று கேட்டால், நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியவை மூன்று: இயந்திரத்தின் உச்ச முறுக்குவிசை எவ்வளவு? கார் தினமும் எந்தச் சாலையில் ஓடுகிறது? கியர்பெட்டி எவ்வளவு தாங்கும்? மூன்றுக்கும் பதில் கிடைத்தபின், மேலே உள்ள பெருக்கலை அவரோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.