வெயிலிலிருந்து உள்ளே வரும் ஆச்சி நிலைப்படியில் தடுமாறுவது ஏன்?

புதுக்கோட்டை மாவட்டம் ராயவரம், அரிமளம் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறீர்களா? உச்சி வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் கண் இருட்டும். உங்களுக்குச் சற்று நேரத்தில் தெளிந்துவிடும். ஆச்சிக்கு அவ்வளவு சீக்கிரம் தெளியாது.

ஏன்?

அரிக்கேன் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சிம்னியில் புகை படிவதுபோல, வயதாக ஆக விழியின் வில்லை மஞ்சளித்து மங்குகிறது. இருட்டில் விரிய வேண்டிய கண்மணியும் முன்போல விரிவதில்லை. 20 வயதில் விழித்திரையை அடைந்த ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் அடைகிறது.

கண் தெளியாத அந்த நேரத்தில் உயரமான நிலைப்படி குறுக்கிட்டால்? கால் இடறும்.

பாதி விடை அந்த வீட்டிலேயே இருக்கிறது. திண்ணை நிழலில் கொஞ்சம் உட்கார்ந்தால் கண் பழகிவிடும். உள்ளே முற்றம் வெளிச்சம் தரும்.

மீதி விடை, நன்றாகத் திட்டமிட்ட முதியோர் குடியிருப்புகளில். தடுக்காத வாசல், 1 அடி ஏற 12 அடி நீளும் சாய்தளம், சுவரின் நிறத்திலிருந்து தனித்துத் தெரியும் கைப்பிடி, வழுக்காத தரை, படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு.

உங்கள் வீட்டு நிலைப்படியின் விளிம்பில் இன்றே ஒரு வெள்ளைக் கோடு இழுங்கள். மங்கிய கண்ணுக்கும் அது வழி சொல்லும்.